ஒரு மீற்றர் அகலம்

கவனத்தோடு வேலை செய்யச் சொல்லித்தரும் புத்தகங்கள் விடியற்காலையில் எழும்பச் சொல்லும், மூச்சை இழுத்து விடச் சொல்லும், இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லும். அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கவனம் தப்பினால் கால் போய்விடும் என்ற வேலையை வருடக்கணக்காகச் செய்துவரும் மனிதர்கள் கிளிநொச்சி மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களின் வேலைமுறையைப் பார்க்காமல், வெளிநாட்டுக் கம்பனித் தலைவர்களின் காலைப் பழக்கங்களை நாங்கள் படித்துக்கொண்டிருப்பது விசித்திரம்தான்.

ஆனையிறவைத் தாண்டி இயக்கச்சி, பளை என்று ஏ9 வீதியால் வடக்கே போனால் முகமாலை வரும். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பிறகு போரின் முன்னரங்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. பின்னர் பல வருடங்கள் இரு தரப்பும் அதே கோட்டில் மண்ணணை கட்டி, எதிரெதிரே மிதிவெடிகளைப் புதைத்தார்கள். சனம் தங்கள் தென்னங்காணிக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்த மண்ணை யாராவது அங்குலம் அங்குலமாகப் பார்த்தாக வேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய வெளிநாட்டு அமைப்புகளும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் வடக்கில் இந்த வேலையைச் செய்துவருகின்றன. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். பெண்கள் ஏராளம். கணவனைப் போரில் இழந்தவர்களும், தனியே குடும்பம் நடத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதன்படி வந்த காலக்கெடு 2028 ஜூன்.

இவர்கள் சாமியார்கள் இல்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற யோசனை அவர்களுக்கும் வரும். சீட்டுக்காசு, கடன் தவணை, மாமியாரோடு வந்த சண்டை எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அப்படியிருந்தும் வேலை பிசகாமல் நடக்கிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய மனவலிமை மட்டும் என்று நான் நம்பவில்லை. வேலை அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்.

ஒருவருக்கு ஒரு பாதை. அதன் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர். முன்னே குறுக்காக ஒரு தடி கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம். அந்தப் பக்கம் பார்க்காத நிலம். தடியை ஒட்டிய துண்டு மண்ணை டிடெக்டராலோ, சிறு கருவியால் கிளறியோ, முகமாலையில் செய்வதுபோல இரும்பு றேக்கால் வாரியோ பார்த்து முடித்த பிறகுதான் தடி முன்னுக்கு நகரும். டிடெக்டரையும் சும்மா எடுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. காலையில் ஒரு மாதிரித் துண்டின் மேல் பிடித்து, சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடங்கும். முகக்கவசமும் தடித்த மேலங்கியும் கட்டாயம். அடுத்தவர் குறித்த தூரத்துக்கு அப்பால்தான் வேலை செய்வார். பாதைக்குள் கதை பேச ஆள் இல்லை. இடைவேளை நேரம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. அதன் அளவு அமைப்புக்கு அமைப்பு மாறலாம், ஆனால் "இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வாறன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பின்னால் ஒரு குழுத்தலைவர் பார்த்துக்கொண்டிருப்பார். முடித்த நிலத்தில் ஒரு பகுதியை இன்னொருவர் திரும்பவும் சோதிப்பார்.

இதில் எங்காவது "கவனமாக இரு" என்ற கட்டளை இருக்கிறதா? அதற்குத் தேவை இல்லை. எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எங்கே நிறுத்துவது, யார் சரிபார்ப்பது என்ற நான்கும் முன்னரே தீர்க்கப்பட்டிருக்கின்றன. வேலை செய்கிறவர் முடிவெடுக்க மீதி இருப்பது கண்ணுக்கு முன்னால் உள்ள ஒரு சாண் மண் மட்டும்.

கண் எவ்வளவு கெதியாகக் களைத்துப்போகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ராடர் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப்போகத் திரையில் தெரிந்ததையே தவறவிட்டார்கள். நோர்மன் மக்வர்த் என்ற உளவியலாளர் அதை ஆய்வுகூடத்தில் சோதித்து 1948 இல் வெளியிட்டார். ஒரு தகட்டில் முள் அடி அடியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டை அடி வைக்கும். அதைக் கண்டால் விசையை அழுத்த வேண்டும். வேலை இவ்வளவுதான், நேரம் இரண்டு மணித்தியாலம். முதல் அரை மணித்தியாலம் கடந்ததுமே தவறுகள் கூடிவிட்டன. அரை மணித்தியாலம் வேலை, அரை மணித்தியாலம் ஓய்வு என்று மாற்றியபோது அந்தச் சரிவு வரவில்லை. இன்னொன்றையும் அவர் கண்டார்: ஒவ்வொரு தடவையும் சரி, பிழை என்று உடனே சொல்லப்பட்டவர்களுக்கும் கவனம் அவ்வளவாக விழவில்லை. ஓய்வு ஒரு மருந்து, பக்கத்தில் இருந்து சொல்லும் ஆள் இன்னொரு மருந்து. இந்த அத்தியாயத்தின் மீதிக்கு இந்த இரண்டும் போதும்.

உப்பளத்துக் கவனம்

எல்லா வேலையும் தடி வைத்துச் செய்யும் வேலை இல்லை. ஆனையிறவிலேயே வேறொரு வகைக் கவனம் உண்டு.

உப்புச் செறிவைக் காட்டும் போமே மானியில் கடல்நீரை அளந்தால் ஏறத்தாழ 3 அல்லது 3.5 பாகை காட்டும். அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் சோளகக் காற்றிலும் வற்றவைக்க வேண்டும். முதலில் சுண்ணாம்பு கீழே இறங்கும், பிறகு ஜிப்சம். 25 பாகை அளவில் உப்புப் பூக்கத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் விட்டுவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்கு முன் மிஞ்சிய நீரை வெளியே விட்டுவிட வேண்டும். உப்புப் பாத்திக்கு நீரை முந்தி விட்டால் ஜிப்சம் கலந்த உப்பு. மிஞ்சிய நீரைப் பிந்தி வெளியேற்றினால் கசந்த உப்பு. மாரி மழை எதிர்பாராமல் முந்திவிட்டால் இரண்டும் இல்லை.

இந்த வேலையில் நாள் முழுக்கப் பாத்தியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒரு பாகைகூடக் கூடாது. பார்க்க வேண்டிய நேரத்தில் போய்ப் பார்ப்பதும், மற்ற நேரத்தில் அதை மறந்து வேறு வேலை செய்வதும்தான் திறமை. வங்கிக் கடன் விண்ணப்பம் கொழும்பிலிருந்து அனுமதியாகி வரும் வரை காத்திருப்பது, கேள்விப்பத்திரத்துக்கு வந்த விலைகளை ஒப்பிடக் குழு கூடும் வரை காத்திருப்பது, வயலுக்கு இரணைமடுத் தண்ணீர் திறக்கும் நாளைப் பார்த்திருப்பது எல்லாம் இந்த வகை. இப்படியான வேலையை மணிக்குப் பத்துத் தரம் எட்டிப் பார்க்கிறவர், தன் மற்ற வேலைகள் அத்தனையையும் கெடுத்துக்கொள்கிறார். காலை 10 மணி, பின்னேரம் 3 மணி என்று பார்க்கும் நேரத்தைக் கொப்பியில் எழுதிவிடுங்கள். இடையில் எட்டிப் பார்க்கக் கை துடிக்கும், துடிக்கட்டும்.

ஆனையிறவு உப்பளம் போரினால் கால் நூற்றாண்டளவு மூடிக் கிடந்தது. திரும்பத் திறந்து, 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலையும் வந்துவிட்டது. இயந்திரத்தை வாங்கலாம், மானியை வாங்கலாம். எந்தக் காற்றுக்கு எந்த வாய்க்காலைத் திறப்பது என்று கண்ணால் அறிந்தவர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் புதிதாக வந்த பொடியனுக்கு அது விளங்கும். கால் நூற்றாண்டு இடைவெளியில் நம்மூரில் உப்பு மட்டும் நின்றுபோகவில்லை. கூட்டுறவு, அச்சகம், மோட்டார் திருத்தகம், பள்ளிக்கூட ஆய்வுகூடம் என்று எத்தனையோ இடங்களில் மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவில் ஒரு தலைமுறை இல்லை. இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், இறந்தவர்கள். இப்படிப் பக்கத்தில் நின்று காட்டும் தனிப் பயிற்சி மற்ற ஊர்களில் ஓர் ஆடம்பரமாக இருக்கலாம். வன்னியில் அது அறுந்த கயிற்றை முடிச்சுப் போடும் வேலை.

மேசையில் தடி வைப்பது

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பிரிவையோ பிரதேச செயலகத்தின் ஒரு பிரிவையோ எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்து, காதில் ஹெட்போன் மாட்டு, இரண்டு மணித்தியாலம் யாரோடும் பேசாதே என்று சொல்லும் புத்தகத்தை அங்கே கொண்டுபோனால் அடிதான் விழும். முதல் பஸ்ஸில் விசுவமடுவிலிருந்து ஒரு ஐயா வந்து கவுண்டரில் நிற்கிறார். அவரைக் காக்கவைத்துவிட்டுக் கவனம் வளர்ப்பது அழகில்லை. ஆகவே இடையூறு வரும் என்பதை ஏற்றுக்கொண்டே திட்டம் போட வேண்டும்.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சோஃபி லெரோய் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் புதிய வேலையும் குறைப்படுகிறது. கவுண்டரில் நிற்கும் ஐயாவோடு பேசிக்கொண்டே மனதுக்குள் பில் கூட்டிக்கொண்டிருப்போமே, அதுதான். பிறகு லெரோய் செய்த இன்னொரு ஆய்வில், இடையூறு வந்ததும் எழும்ப முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று சுருக்கமாக எழுதிவைத்தவர்கள் அடுத்த வேலையைத் தெளிவாகச் செய்தார்கள். முகமாலையில் குறுக்கே கிடக்கும் தடி செய்வதும் இதைத்தான். ஒரு துண்டுக் கடதாசி, ஒரு வரி: "பில் 412 வரை சரி. 413 இல் திகதி பார்க்க வேண்டும்." எழுதப் பத்து நொடி. எழுதாமல் எழும்பினால், திரும்பி வந்து இடம் தேடவே அதைவிடப் பன்மடங்கு நேரம் போகும். தேடாமல் நினைவில் இருந்து தொடங்கினால் பிழை போகும்.

இருவர் இருக்கும் பிரிவென்றால் இன்னும் நல்லது. ஒருவர் கவுண்டர், மற்றவர் கோப்பு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுங்கள். மக்வர்த் சொன்ன ஓய்வும் கிடைக்கும், வந்தவர்களும் காத்திருக்க மாட்டார்கள். தனி ஆள் என்றால், சனம் குறைந்த நேரம் எது என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் பஸ் நேரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்துக்குத் தலை போகிற கணக்கை வையுங்கள். மேலதிகாரி போன் எடுத்து எல்லாவற்றையும் குழப்புகிறார் என்பீர்கள். உண்மை. அவரிடம் "எனக்குக் கவனம் சிதறுகிறது சேர்" என்று முறையிட்டால் எடுபடாது. "10 மணிக்கும் 2 மணிக்கும் மொத்தமாகக் கணக்குச் சொல்லுறன் சேர்" என்று நேரம் குறித்துக் கொடுத்தால் பலர் அழைப்பதைக் குறைப்பார்கள். அவர் அழைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். எப்போது தகவல் வரும் என்று தெரியாத பயம்.

கைத்தொலைபேசி பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். அதை மேசையில் கவிழ்த்து வைப்பதில் பயனில்லை. எழும்பிப் போய் எடுக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். அலுவலக வாட்ஸ்அப், வைபர் குழுக்களில் உண்மையான வேலை ஏதாவது வந்தால் அழைப்பாக வரும்.

பக்கத்தில் நிற்பவர்

தடியும் இடைவேளையும் ஒருவர் தானே ஏற்படுத்திக்கொள்ளக்கூடியவை. சரிபார்ப்பவரை மட்டும் தானே ஏற்படுத்த முடியாது. நம் வேலையை நாமே பார்க்கும்போது, செய்ய நினைத்ததைத்தான் பார்ப்போம். செய்ததைப் பார்க்க மாட்டோம்.

அதுல் கவாண்டே அமெரிக்காவில் பெயர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். மகாராஷ்டிரத்தில் வேர்கொண்ட குடும்பம். தொழிலில் பல வருடம் ஆனபின் தன் திறமை ஒரு மட்டத்தில் நின்றுவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. டென்னிஸ் வீரர்களுக்கும் பாடகர்களுக்கும் பயிற்றுவிப்பாளர் இருக்கும்போது டொக்டருக்கு ஏன் இல்லை என்று யோசித்து, தனக்கு முன்பு கற்பித்து ஓய்வு பெற்றிருந்த றொபேட் ஒஸ்டீன் என்பவரை அறுவைக்கூடத்துக்கு அழைத்தார். ஒஸ்டீன் ஒரு பக்கத்தில் நின்று பார்த்தார், குறிப்பெடுத்தார், கையை வைக்கவில்லை. முடிந்த பிறகு சொன்னவை சின்னச் சின்ன விடயங்கள்: முழங்கை எவ்வளவு உயர்ந்திருந்தது, வெளிச்சம் காயத்தை விட்டு விலகியது, துணியை விரித்த விதத்தில் எதிரே நின்ற உதவியாளருக்கு இடமில்லாமல் போனது. கவாண்டே இதை 2011 இல் நியூயோர்க்கர் இதழில் எழுதினார். நான் இதில் வியப்பது அந்த நிபுணரின் பணிவை அல்ல. ஒஸ்டீன் சொன்னவற்றில் ஒன்றுகூட கவாண்டேயின் குணத்தைப் பற்றியதாக இல்லை என்பதை. முழங்கை, வெளிச்சம், துணி.

இது முக்கியமான இடம், ஏனென்றால் எங்கள் ஊரில் திருத்துவது என்றால் ஏசுவது. அதுவும் எல்லாருக்கும் முன்னால். "உமக்கு எப்பவும் இப்படித்தான்", "படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதோ", "வேலையில விருப்பமில்லாட்டி விட்டிட்டுப் போம்". சொல்கிறவர் கெட்டவர் இல்லை. அவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் அது வேலை செய்கிறதா? அவ்ரஹாம் குளூகர், அஞ்சலோ டெநீசி என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவரின் வேலையைப் பற்றி அவருக்கே கருத்துச் சொல்வது பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 1996 இல் ஒரு கணக்கெடுத்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில், கருத்துச் சொன்னபின் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. அவர்கள் தந்த விளக்கம்: சொன்ன சொல் மனதை வேலையின் பக்கம் திருப்பினால் வேலை திருந்தும், "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திருப்பினால் கெடும். ஏச்சு வாங்கிய பிள்ளை அன்று பின்னேரம் முழுக்க பில்லைப் பார்க்கவில்லை, தன் மானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாராட்டும் அதே குழியில் விழலாம்: "நீர் கெட்டிக்காரி" என்பதும் ஆளைப் பற்றிய பேச்சே.

அப்படியென்றால் எப்படிப் பேசுவது? அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த திமதி கால்வே 1974 இல் எழுதிய நூலில் ஒரு தந்திரம் இருக்கிறது. இன்றைய கோச்சிங் தொழில் பெருமளவு அவரிடமிருந்து கிளைத்தது. பந்தைக் கவனி என்று அவர் கத்துவதை விட்டுவிட்டார். பந்து நிலத்தில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டார். பந்தைப் பார்க்காமல் அதைச் சரியான நேரத்தில் சொல்ல முடியாது. கவனி என்று கட்டளையிடுவதைவிட, கவனிக்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பது மேல். "கவனமாப் பாரும் தங்கச்சி" என்பதற்குப் பதில், "இந்தக் கட்டில எத்தினை பில்லில திகதி இல்லை எண்டு எண்ணிச் சொல்லும்" என்று கேளுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் நடக்கக்கூடிய ஒரு பேச்சை எழுதிப் பார்க்கிறேன். மூத்தவர் இருபது நிமிடம், பில் பதியும் இளையவரின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம்.

"அக்கா, நான் பார்த்துத்தான் போட்டனான்."

"ஓம், பார்த்துத்தான் போட்டனீர். நடுவில ஒருக்கா கவுண்டருக்கு எழும்பிப் போனனீர். அப்ப எந்த பில்லில நிண்டனீர்?"

"412."

"திரும்பி வந்து?"

"413 இல தொடங்கினனான் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீரோ, தெரியுமோ?"

"தெரியாது அக்கா."

"சரி. நாளைக்கு எழும்ப முந்தி என்ன செய்யலாம்?"

"கடைசி நம்பரைக் கொப்பியில எழுதலாம்."

"கொப்பி பூட்டிக் கிடந்தா?"

"கீபோட்டுக்கு மேல ஒரு துண்டு வைக்கிறன்."

"வைச்சுப் பாரும். வெள்ளிக்கிழமை திரும்பப் பார்ப்பம்."

அக்கா கண்டதைச் சொன்னார், விடையைச் சொல்லவில்லை. தங்கச்சி சொன்ன முதல் விடையில் ஓட்டை இருந்தது. அதையும் அக்கா கேள்வியாலேயே அடைத்தார். ஒரே ஒரு மாற்றம், அதைத் திரும்பப் பார்க்க ஒரு நாள். அந்தப் பிள்ளையின் கையெழுத்து, போன், காலையில் பிந்தி வந்தது எல்லாம் அக்காவின் கண்ணிலும் பட்டிருக்கும். அவற்றை இன்று தொட்டால் நாளைக்குக் கடதாசித் துண்டும் இருக்காது.

யாரைப் பிடிப்பது

காசு கொடுத்து வைக்கும் கோச் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தேடினால் எளிதில் கிடைக்க மாட்டார். கிடைப்பது மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு: மைக், கைதட்டல், மதியம் சோறு, சான்றிதழ். போகலாம், சோறு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் வேலை செய்வதைப் பார்க்காத ஒருவர் தருவது பேச்சு, பயிற்சி இல்லை. இணையவழியில் கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒருவரைப் பிடிப்பதானாலும் இதே அளவுகோலை வையுங்கள். உங்கள் திரையையோ கையையோ அவர் பார்க்கிறாரா, அல்லது உங்கள் கதையை மட்டும் கேட்கிறாரா?

நம் ஊரில் இதைச் செய்யக்கூடியவர்கள் வேறு பெயரில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற கூட்டுறவு முகாமையாளர், பழைய தபாலதிபர், தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பித்து வீட்டில் இருக்கும் ஆசிரியர், ஆடைத் தொழிற்சாலையில் லைன் பார்த்த அக்கா. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. 2021 இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் நிறுவனங்கள், அவர்களைக் கோப்பு அடுக்கவிடாமல், மூத்த ஒருவரின் பக்கத்தில் உட்காரவைத்தால் இரு பக்கமும் ஆதாயம். வயது கூடியவர்தான் வேண்டும் என்றும் இல்லை. எக்செல் விடயத்தில் இருபத்திரண்டு வயதுத் தம்பி ஐம்பது வயது ஐயாவுக்குப் பயிற்றுவிப்பாளர் ஆகலாம். அதற்கு ஐயா கொஞ்சம் இறங்கி வர வேண்டும், தம்பி கொஞ்சம் மரியாதையாகப் பேச வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது கெட்டிக்காரரைத் தேடாதீர்கள். வேலையில் மிகத் திறமையான பலருக்குத் தாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது. கை தானாகப் போய்விடும். இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கக்கூடியவரைத் தேடுங்கள். அது அரிது. அழைக்கும்போதும் "எனக்கு வழிகாட்டுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் அறிவுரை மழைதான் பெய்யும். "நான் மாதக்கடைசிக் கணக்கு முடிக்கேக்க ஒருக்கா வந்து பக்கத்தில இருந்து பாருங்கோ அண்ணை, எந்த இடத்தில நான் நிக்கிறன், எந்த இடத்தில ஓடுறன் எண்டு மட்டும் எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை, ஆறேழு கிழமை. முடிவு நாளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை. சம்பளம் வாங்க மறுப்பார். பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் மறுக்கவிடாதீர்கள்.

ஓர் எல்லை இருக்கிறது. ஒருவருக்குக் கவனம் நிற்காததற்குக் காரணம் மேசையில் இல்லாமல் இரவில் இருக்கலாம். நித்திரை வராமை, திடீர்ச் சத்தத்துக்கு உடல் பதறுவது, காணாமல் போன மகனின் நினைவு வேலை நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வது இந்த மண்ணில் புதிதில்லை. வடக்கில் போர் மக்களின் மனங்களில் விட்டுப்போனவற்றை மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவந்திருக்கிறார். அப்படிப்பட்டவரைத் தடியும் துண்டும் வைத்துத் திருத்த முயல்வது கொடுமை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பதால் மனம் நிலைகொள்ளாதவருக்கும் முதலில் தேவை கடனுக்கு ஒரு வழி. நல்ல பயிற்றுவிப்பாளர் இதை இரண்டாவது சந்திப்புக்குள் கண்டுபிடித்து, "இது என்ர வேலையில்லை, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்வார்.

கடைசியாக, நிறுவனத் தலைவர்களுக்கு ஒன்று. நீங்கள் இதை உங்கள் அலுவலகத்தில் தொடங்க நினைத்தால், பக்கத்தில் இருந்து பார்க்கிறவரும் பதவி உயர்வுக்கு அறிக்கை எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மிதிவெடி வேலையிலும் குழுத்தலைவர் அன்றாடம் பார்ப்பது ஒன்று. நிலம் ஒப்படைக்கப்படும் முன் அரச தரப்பு வந்து தரம் பார்ப்பது வேறொன்று. பயிற்றுவிப்பாளரின் குறிப்பு மேலதிகாரியின் கோப்புக்குப் போகும் என்று தெரிந்த நாளில் இருந்து, அவர் பக்கத்தில் வந்து இருக்கும் இருபது நிமிடமும் நாடகமாகிவிடும். தங்கச்சி 412 இல் நின்றதைச் சொல்ல மாட்டாள். ஆகவே குறிப்புக் கொப்பி வேலை செய்கிறவருடைய சொத்து. சந்திப்பு முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பிரதி எடுக்கக் கூடாது, படம் பிடித்துக் குழுவில் போடக் கூடாது. இடமாற்றம் கிடைத்து அவர் மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ போனால், கொப்பியும் அவரோடு போகும்.